படகில் இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, ரிலே போய்விட்டதா?

கேள்வி:
19 அடி படகு, 90 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்). ஒரு பேட்டரி ஸ்டார்ட் செய்ய, இன்னொன்று ஃபிரிட்ஜ், விளக்குகளுக்கு. இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜைப் பார்த்து இணைக்கும் ரிலே. நேற்று முழுக்கத் தூண்டில் போட்டபடி மெதுவாகத்தான் ஓட்டினோம், மாலையில் இரண்டாவது பேட்டரி 11.9 வோல்ட்!

பதில்:
அவசரப்பட்டு ரிலேயை மாற்றாதீர்கள். இந்த வகை ரிலே பெரும்பாலும் ஸ்டார்ட் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தாண்டினால்தான் இணையும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிந்துவிடும், ஏனென்றால் கரைக்குத் திரும்ப எஞ்சின் கிளம்புவதுதான் அதற்கு முதல் வேலை. மெதுவான ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் பாகம்) தரும் கரன்ட் மிகக் குறைவு, அதையும் ஃபிரிட்ஜ் தின்றுவிடும். எஞ்சினை நிமிடத்துக்கு 3000 சுற்றில் வைத்து இரண்டு பேட்டரியிலும் அளந்து பாருங்கள். இரண்டும் 14 பக்கம் இருந்தால் ரிலே நன்றாக இருக்கிறது.

இன்னொரு பதில்:
நெகட்டிவ் கேபிளையும் பாருங்கள், உப்புத் தண்ணீரில் லக்கு (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) பச்சை பிடித்துவிடும். அப்புறம், எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஆல்டர்னேட்டர் டையோடு எரிந்துபோகும்.

கேட்டவர்:
அளந்தேன். ஸ்டார்ட் பேட்டரியில் 14.1, இரண்டாவதில் 13.2. நெகட்டிவ் லக்கைச் சுரண்டி இறுக்கியதும் 14.0 வந்துவிட்டது. ரொம்ப நன்றி. லித்தியம் பேட்டரிக்கு மாற்றலாமா?

பதில்:
இதே ரிலேயோடு வேண்டாம். லித்தியம் கரன்ட்டை அள்ளி இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு கரன்ட்டை அளவோடு அனுப்பும் கருவி) போட்டுவிட்டு மாற்றுங்கள். இப்போதைக்குக் கரையில் மூன்று நிலைகளாக சார்ஜ் ஏற்றும் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுங்கள், 11.9 வரை இறங்கிய லெட் ஆசிட் பேட்டரியை அப்படியே விட்டால் சல்பேட் படிந்துவிடும்.