மகளின் முதல் ஓட்டு: கட்சிகளைப் புரியவைக்க உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறோம். மகளுக்குப் போன வாரம் 18 முடிந்தது. வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சி என்ற கட்டம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடிமை முறையை எதிர்த்த லிங்கன் குடியரசுக் கட்சி. 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதிபர் ஜான்சன் ஜனநாயகக் கட்சி. அப்போ ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

ஜனநாயகக் கட்சி பக்கம் இருந்த தென் மாநிலங்கள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்கு மாறிய கதையை எனக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை. இங்கே எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் பிரைமரியில் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில்) வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட முடியாது. அதனால் கட்டத்தைக் காலியாக விடவும் மனசில்லை.

என் சாய்வை அவள்மேல் திணிக்கக் கூடாது. வரி, மருத்துவக் காப்பீடு, குடியேற்றம் பற்றியெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி நடுநிலையாக விளக்கினீர்கள்? சொல்லுங்களேன்.