மறு: ஹைப்பர்மைலிங் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வகுப்பு முடிந்து, வீடு வந்து, உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. நான் சேலத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். கார் ஓட்டப் பழக வருகிறவர்களுக்காகப் பெட்ரோல் செலவைக் குறைப்பது பற்றி நான்கு பக்கத்தில் ஒரு தாள் தயாரிக்கிறோம். ஓட்டும் விதத்தாலேயே ஒரு லிட்டரில் கூடுதல் தூரம் போவதை ஆங்கிலத்தில் ‘ஹைப்பர்மைலிங்’ என்கிறார்கள். தாளுக்காகத்தான் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டேன். மீமைலோட்டம், பசுமையோட்டம், சிக்கன ஓட்டல், எரிபொருள் வினைத்திறன் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கேட்டதும் யோசித்துக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி.

> மூலச்சொல்லின் இரண்டு பகுதியும் அப்படியே வந்துவிடுவதால் மீமைலோட்டமே பொருத்தம் என்பது என் கருத்து.

ஐயா, ‘ஹைப்பர்’ என்பதற்கு வைத்த ‘மீ’ முன்னொட்டில் எனக்கு மறுப்பில்லை. மீயுரை, மீயொலி என்று பழகிவிட்டோம். மைல்தான் இடிக்கிறது. அமெரிக்காவில் இன்றைக்கும் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்றுதான் கணக்கு. அதனால் அவர்களுக்கு அந்தச் சொல் இயல்பாக அமைந்தது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வெய்ன் கெர்டெஸ் என்பவர்தான் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அங்கே பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டிய 2008-இல், நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. நமக்கோ மைல் கணக்கு போய் அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. ‘மைலேஜ்’ மட்டும் பேச்சில் தங்கிவிட்டது, தங்கட்டும். ஆனால் புதிதாக ஒரு சொல்லை உருவாக்கும்போது, நம் மாணவன் அளந்தே பார்த்திராத ஓர் அளவை அதற்குள் வைத்துக் கட்ட வேண்டுமா?

‘பசுமையோட்டம்’ என்றால் மின்சாரக் கார் என்றுதான் இன்றைக்கு எடுத்துக்கொள்வார்கள். ‘சிக்கன ஓட்டல்’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேர் அதைச் சாப்பாட்டுக்கடை என்றே படித்தார்கள். ‘ஓட்டுதல்’ என்று மாற்றினால் அந்தக் குழப்பம் தீரும். என்றாலும் எனக்கு வேறொரு குறை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

யாழ்ப்பாண நண்பர் தந்த ‘எரிபொருள் வினைத்திறன்’ நல்ல சொல். நாங்கள் பயனுறுதிறன் என்று நாக்கு சுளுக்க எழுதுவதைவிட உங்கள் வினைத்திறன் எவ்வளவோ மேல். (நாங்கள் பள்ளியில் எதிர்முடுக்கம் என்று படித்ததை நீங்கள் அமர்முடுகல் என்கிறீர்கள். வண்டி வேகம் தணிந்து அமர்வது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. இதை நான் வகுப்பில் எடுத்துச் சொல்வதுண்டு.) ஆனால் வினைத்திறன் என்பது எஞ்சினின் குணம். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆய்வகத்தில் வண்டியை உருளைமேல் ஏற்றி, குறித்த வேகத்தில் குறித்த நேரம் ஓட்டி, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சான்று தருகிறார்களே, அதற்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்தும். நான் தேடுவது அதே வண்டியை ஓட்டுகிறவரிடம் இருக்கும் ஒன்றுக்கு.

நாம் எப்படிப் பேசுகிறோம் என்று பாருங்கள். “வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” கொடுப்பது வண்டி, வாங்கிக்கொள்வது நாம். குறைவாகக் கொடுத்தால் குற்றமும் வண்டிமேல்தான். மைலேஜ் வரவில்லை என்று பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பார்க்கிறேன். ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று என்று எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் உரிமையாளரோடு ஒரு சுற்று போய் வந்தால் முக்கால்வாசிக் காரணம் தெரிந்துவிடும். அந்த முக்கால்வாசிக்குத் தமிழில் பெயர் இல்லை என்பதுதான் என் கவலை. பெயர் இல்லாததால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தோன்றுவதில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாணவர்களை ஒரே காரில், 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, கொண்டலாம்பட்டியிலிருந்து சங்ககிரிக்கு அடுத்தடுத்து ஓட்டச் சொன்னேன். புறப்படும்போது மீட்டரில் மைலேஜ் சராசரியைப் பூஜ்யமாக்கிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இருவரும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டவில்லை. ஏசியும் ஒரே அளவு. முதல் பையன் வந்து நின்றபோது லிட்டருக்கு 14.2 கிலோமீட்டர். இரண்டாவது பையனுக்கு 18.6.

வித்தியாசம் எங்கே வந்தது என்பது வைகுந்தம் சுங்கச்சாவடியிலேயே தெரிந்துவிட்டது. முதல் பையன் சாவடி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வரிசையில் நிற்கும் கடைசி லாரிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்வரை அதே 80. அப்புறம் ஒரே அழுத்தாகப் பிரேக். பின்சீட்டில் வைத்திருந்த என் பை கீழே விழுந்தது. இரண்டாவது பையன் சாவடியின் கூரை தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டான். வண்டி கியரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 80 என்பது 65, 50, 35 என்று தானாகவே இறங்கியது. கடைசிப் பத்து மீட்டருக்கு மட்டும் பிரேக்கில் கால் வைத்தான். நாங்கள் போவதற்குள் முன்னால் நின்ற லாரி நகர்ந்துவிட்டதால் முழுதாக நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இதை மாணவர்களுக்குக் கணக்காகவும் போட்டுக் காட்டினேன். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஜூல் இருக்கிறது. அதில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. அந்தக் கணக்கில் வண்டியை நின்ற இடத்திலிருந்து 80-க்குக் கொண்டுவர மட்டும் 35 முதல் 40 மில்லி பெட்ரோல் போகிறது, அதாவது காபி டம்ளரில் கால்வாசி. காசு கொடுத்துச் சேர்த்த அந்த வேகத்தைப் பிரேக்கில் கால் வைத்த நொடியில் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். முதல் பையன்போல 27 தடவை நிறுத்தினால் ஒரு லிட்டர் போயிற்று. இரண்டாவது பையன் அதே வேகத்தைச் செலவழித்துச் சாவடிவரை உள்ள தூரத்தைச் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் கடந்தான்.

சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் என்று எழுதியதை யாராவது மறுக்கலாம். இப்போது வரும் இன்ஜெக்டர் வண்டிகளில் கியரில் ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து முழுக்கக் காலை எடுத்தால், எஞ்சின் சுற்று ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்வரை, கணினி இன்ஜெக்டரையே மூடிவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றவைக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் இப்படி இல்லை. காலை எடுத்தாலும் எஞ்சின் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அம்பாசடர் ஓட்டிய பெரியவர்கள் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பழகினார்கள். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து, இன்றும் ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் போயாக வேண்டும். அரை மணி நேர இறக்கத்தில் கால் லிட்டர் அளவுக்குப் போகும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பாலும் ஒன்றும் போகாது, பிரேக்கும் காயாது. இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். மீட்டரைக் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருக்கிறது.

> ஹைப்பர்மைலிங் என்பதில் எஞ்சினை அணைத்து ஓடவிடுவதும், லாரிக்குப் பின்னால் ஒட்டிப்போவதும் அடங்கும் அல்லவா? அவற்றையும் சொல் தாங்க வேண்டாமா?

தாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து, அம்மா. லாரியின் பின்னால் ஒட்டிப்போனால் காற்றுத்தடை குறையும் என்பது உண்மைதான். 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்றுத்தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது, ஆகவே அதைக் குறைக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் என்ன ஆகும்? ஓடும்போது எஞ்சினை அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். இந்த வித்தைகளுக்கும் சுங்கச்சாவடிக்கு முன்பே கால் எடுத்த பையனின் பழக்கத்துக்கும் ஒரே பெயர் வைத்தால், பெயரே ஒருநாள் யாரையாவது கொன்றுவிடும். எனவே மூலச்சொல்லை இரண்டாகப் பிரித்துவிடலாம். அந்த வித்தைகளுக்கு ‘மீச்சிக்கனம்’ என்று வைத்துக்கொள்வோம். எல்லை மீறியது என்ற பொருள் ‘மீ’யிலேயே கிடைக்கிறது. மற்றதற்குத்தான் நல்ல சொல் வேண்டும்.

இங்கேதான் ‘சிக்கனம்’ எனக்குப் போதவில்லை. சிக்கனம் என்பது மாதக் கடைசியில் தெரிகிற பலன். காலும் கண்ணும் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. சிக்கனமாக ஓட்டு என்று சொன்னால் மாணவன் ஊர்ந்து போகிறான். 40-இல் டாப் கியரைப் போட்டு வண்டியைத் திணறவிடுகிறான். பெட்ரோலியச் சேமிப்புக்கான பி.சி.ஆர்.ஏ. அமைப்பு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பல ஆண்டுகளாக விளம்பரம் செய்கிறது. அந்த வேகம் சரிதான், ஆனால் அதிலும் ரைஸ் பண்ணி ரைஸ் பண்ணிப் பிரேக் பிடிக்கிறவன் பெட்ரோலைக் கொட்டத்தான் செய்வான்.

சமையலில் இதற்கு நம்மிடம் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: கைப்பக்குவம். அதே அரிசி, அதே பருப்பு, அதே புளி. ஒருவர் வைத்தால் சாம்பார் மணக்கிறது, இன்னொருவர் வைத்தால் வெறும் குழம்பாகக் கிடக்கிறது. அதே வண்டி, அதே ரோடு, அதே பெட்ரோல் என்று சொல்லிப் பாருங்கள். ஆகவே முதலில் ‘கால்பக்குவம்’ என்று குறித்துக்கொண்டேன். கால்பந்து என்று எழுதுவதுபோல இதையும் சந்தி சேர்க்காமலே எழுதிவிடலாம் என்றும் நினைத்தேன். எங்கள் வீட்டில் சொன்னபோது என் மனைவி, “கால்பக்குவம்னா அரைவேக்காட்டுலயும் பாதியா?” என்று கேட்டார். அவர் சொல்வது சரி. காலே அரைக்கால் என்ற பழக்கம் நமக்கு விடாது. பத்திரிகைத் தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் நாலில் ஒரு பங்கு பக்குவம் என்றே எடுத்துக்கொள்வார்.

அப்புறம் பட்டறையில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன். வண்டியை விரட்டுகிறவனைப் பற்றிச் சொல்லும்போது அங்கே “காலை வைக்கிறான்” என்று சொல்வதில்லை. “மிதி மிதின்னு மிதிக்கிறான்” என்பார்கள். மிதிவண்டியில் ஏற்கெனவே அந்தச் சொல் இருக்கிறது. பெடலுக்கும் மிதி என்றே எழுதுகிறோம். காரில் மிதி மூன்று: ஆக்சிலேட்டரை எப்போது விடுவது, பிரேக்கை எவ்வளவு தள்ளிப்போடுவது, கிளட்ச்சில் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டாமல் இருப்பது. மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. எனவே என் முன்மொழிவு:

மிதிப்பக்குவம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “இந்த வண்டியின் வினைத்திறன் நன்றாக இருக்கிறது, ஓட்டுநருக்கு மிதிப்பக்குவம் போதவில்லை.” “மிதிப்பக்குவம் வந்துவிட்டால் டவுனுக்குள்ளேயே லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும்.” “மிதிப்பக்குவப் பயிற்சி, மூன்றாம் நாள்.” எங்கும் தடுக்கவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் செல்லும். மின்சாரக் காருக்கும் செல்லும், ஏனென்றால் அங்கேயும் மிதியை விடும் விதத்தில்தான் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் மின்சாரத்தின் அளவு இருக்கிறது.

பக்குவம் வடசொல் என்று இங்கே ஒரு குரல் வரும், வர வேண்டியதும்தான். ‘மிதிப்பதம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு என் மறுப்பு சிறியது. பதம் என்பது பாகு கம்பியாக வரும் அந்த ஒரு கணத்தைக் குறிக்கும், பக்குவம் நாள்பட்டுக் கையில் ஏறுவது. அந்த இரண்டாவது பையனின் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர் என்று பிறகுதான் தெரிந்தது. மேடு வருவதற்கு முன்பே மாட்டை வேகமாக நடக்கவிட்டு, மேட்டின் நெற்றியில் தளர்த்தும் பழக்கத்தை அவன் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அதைப் பதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊரில் பெடலுக்கு மிதி என்று பேச்சில் சொல்வார்களா, அல்லது எழுத்தில் மட்டுமா? பேச்சில் இல்லையென்றால் தெரிவியுங்கள். தாள் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிவிடுவேன். வராவிட்டால் முதல் பக்கத் தலைப்பிலேயே மிதிப்பக்குவம் இருக்கும். ப் போட்டா, போடாமலா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து