மறு: பாட்டில்நெக்குக்குத் தமிழில் என்ன? 'இடுக்கு' சரிவருமா?

வணக்கம்.

கணினியின் மொத்த வேகத்தையும் தீர்மானித்துவிடும் பாகத்தை ஆங்கிலத்தில் பாட்டில்நெக் (bottleneck) என்கிறார்களே, அதற்கு "அடைப்பு என்று வைத்துவிட்டுப் போகலாமே, இதற்கு ஏன் இத்தனை மடல்" என்று நேற்று ஒரு நண்பர் அலுத்துக்கொண்டார். அப்படி வைத்தால் என்ன ஆகும் என்பதை, குறைந்த செலவில் கேமிங் கணினி கட்டச் செயலி தேடுகிறவரை வைத்தே பார்க்கலாம், அவர்கள் வாயில்தான் இந்தச் சொல் ஓயாமல் புழங்குகிறது. (செயலி என்று நான் எழுதுவது சிப்பை, கைப்பேசியில் இறக்கிக்கொள்வதை அல்ல. ஒரே சொல்லை இரண்டுக்கும் கொடுத்துவிட்டு விழிக்கிறோம், அது தனிச் சண்டை.)

விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எதையெல்லாம் வரையவேண்டும் என்ற கணக்கைச் செயலி போட்டுக் கொடுக்க, கிராபிக்ஸ் கார்டு அதை வாங்கி வரைகிறது. கார்டு ஒரு ஃபிரேமை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை) வரைந்துகொண்டிருக்கும்போதே செயலி அடுத்த ஃபிரேமுக்குப் போய்விடும். அதனால் இரண்டு நேரத்தையும் கூட்டக்கூடாது, எது அதிகமோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். செயலிக்கு 8 மில்லிநொடி, கார்டுக்கு 14 மில்லிநொடி என்றால் நொடிக்குச் சுமார் 71 ஃபிரேம். பணத்தைக் கொட்டிச் செயலியை மாற்றி 8-ஐ 5 ஆக்கினாலும் அதே 71தான். இங்கே எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை, கார்டு முழுமூச்சாக ஓடுகிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் சிக்கனக் கணினியில் நமக்கு வேண்டியதே இந்த நிலைதான். பணத்தில் பெரும்பங்கு கார்டுக்குத்தான் போயிருக்கும், அது சும்மா உட்கார்ந்திருந்தால்தான் நஷ்டம்.

அடைப்பு, தடை, இடையூறு, முட்டுக்கட்டை எல்லாவற்றிலும் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "உன் கணினியில் அடைப்பு இருக்கிறது" என்றால் கேட்பவர் அதை நீக்கத்தானே பார்ப்பார்? நானும் பார்த்தேன். கார்டு 98 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்த கணினிக்குப் புதுச் செயலி வாங்கிப் போட்டேன், ஒரு ஃபிரேம்கூட ஏறவில்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்த 'குப்பிக்கழுத்து' வேண்டவே வேண்டாம். 'மடை' எனக்கு முதலில் பிடித்திருந்தது, நீர் எவ்வளவு பாயும் என்பதை மடைதானே முடிவுசெய்கிறது. ஆனால் மடை திறந்தாற்போல் என்றால் கொட்டோ கொட்டென்று கொட்டுவது. நாம் சொல்லவந்ததற்கு நேர் எதிர்.

ஆகவே 'இடுக்கு'. அது ஓர் இடத்தின் பெயர். வழி அங்கே ஒடுங்குகிறது, ஆனாலும் போய்வர முடிகிறது, யார்மீதும் பழி இல்லை. செயலி இடுக்கு, கார்டு இடுக்கு, நினைவக இடுக்கு என்று எதோடும் ஒட்டும்.

———

> அது ஓர் இடத்தின் பெயர்

வினையும்கூட, ஐயா. கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறோம், இடுக்கியால் பாத்திரத்தைப் பிடிக்கிறோம். "செயலி இடுக்குகிறது" என்று படித்தால் எனக்கு அடுப்படிதான் ஞாபகம் வருகிறது. அப்புறம் இன்னொன்று. செயலி, கார்டு பெயரைக் கொடுத்தால் "இத்தனை சதவீத பாட்டில்நெக்" என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றனவே, அதை 'இடுக்குச் சதவீதம்' என்பீர்களா?

———

அடுப்படி நியாயமான ஆட்சேபம்தான். வினையாக எழுதாமல் "செயலி இடுக்காகிறது", "இடுக்கு கார்டுக்கு மாறியது" என்று பெயராகவே வைத்துக்கொள்வோம்.

சதவீதத்துக்குச் சொல் தேடவேண்டியதில்லை, அந்த எண்ணுக்கே பொருள் இல்லை. அதே கணினி 1080பி தெளிவுத்திறனில் செயலி இடுக்கிலும், அதைவிடப் பல மடங்கு புள்ளிகளை வரையவேண்டிய 4கே-வுக்குப் போனால் கார்டு இடுக்கிலும் நிற்கும். விளையாட்டு மாறினாலும் இடம் மாறும். கண்டுபிடிக்க எளிய வழி, தெளிவுத்திறனைக் குறைத்துப் பார்ப்பதுதான். ஃபிரேம் ஏறினால் இடுக்கு கார்டில் இருந்தது, ஏறாமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் செயலியில். செயலியின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டுவதை நம்பி ஏமாறக்கூடாது, ஒரே ஒரு த்ரெட் (செயலி ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகளில் ஒன்று) மூச்சுத்திணறிக்கொண்டிருக்க மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும். (த்ரெட்டை 'இழை' என்று எழுதியிருப்பேன், இந்த மடலிழையோடு குழம்பும்.)

'இடுக்கு' ஏன் பொருந்துகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஏஎம்டியின் ரைசன் 5 5500, 5600 என்ற இரண்டு செயலிகள். இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டிலும் 6 கோர் (கணக்குப் போடும் அலகு), 12 த்ரெட். பெயரை வைத்துப் பார்த்தால் நூறுதான் வித்தியாசம், விலை குறைந்ததை எடுக்கத்தான் கை போகும். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பி, 5500-இல் 16. அதைவிட முக்கியம், செயலியையும் கார்டையும் இணைக்கும் பிசிஐஇ வழி 5600-இல் 4.0, 5500-இல் பழைய 3.0 மட்டும். இந்த 5500-ஓடு ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவுக் கார்டைச் சேர்த்தால் வினை. அந்தக் கார்டுக்கு இந்த வழியில் இருப்பதே நான்கு தடம், 3.0-இல் அவற்றின் கொள்ளளவு பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி அங்கும் இங்கும் தரவு ஓடத் தொடங்கியதும் ஆட்டம் திக்கும். செயலி நல்ல செயலி, கார்டும் அந்த விலைக்குப் பரவாயில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் போதவில்லை. இதை அடைப்பு என்று எப்படிச் சொல்வது?

மற்றபடி இன்டெலின் கோர் ஐ3-12100எஃப் போன்ற 4 கோர், 8 த்ரெட் செயலியை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும்) திரைக்கு நான் தாராளமாகச் சொல்வேன். ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி கிடைக்கிறது, பெரும்பாலான ஆட்டங்களுக்கு அது போதும். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லிநொடிதான், அங்கே இடுக்கு செயலிப் பக்கம் வந்துவிடும், 6 கோருக்கே போய்விடுங்கள்.

எதிர்ப்பு இல்லையென்றால் விக்சனரி என்ற இணைய அகராதியில் இடலாம். சேர்த்து எழுதுவதா என்பது மட்டும் பாக்கி. 'செயலியிடுக்கு' என்று இலக்கணப்படி எழுதிப் பார்த்தேன், எனக்கே நாக்கு இடுக்கில் மாட்டிக்கொண்டது. பிரித்தே எழுதுவோமா?