கடலடி ஓடுகளில் பனி எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

கேள்வி:
ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் கடலுயிர்களின் ஓடுகளை வைத்துப் பழைய பனிப்பாறை அளவைக் கணக்கிடுவதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் லேசான வகையான 16 அதிகமாக ஆவியாகிப் போய் துருவப் பனியில் மாட்டிக்கொள்ளும், கனமான வகையான 18 கடலில் மிஞ்சும், அது ஓட்டில் பதிவாகும். இதுவரை சரி. ஆனால் தண்ணீர் குளிர்ந்தாலும் ஓட்டில் 18 கூடுமாமே? அப்புறம் எதை நம்புவது?

பதில் 1:
இதே கேள்வியில்தான் அந்தத் துறையே பல வருடம் நின்றது. 1955இல் எமிலியானி என்ற ஆய்வாளர், பெரும்பகுதி வெப்பநிலை மாற்றம்தான் என்றார். 1967இல் ஷேக்கிள்டன் என்ற இன்னோர் ஆய்வாளர், மேலே மிதக்கும் இனங்களோடு கடலடியில் வாழும் இனங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார், இரண்டிலும் மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆழ்கடல் தண்ணீர் ஏற்கெனவே உறைநிலைக்குப் பக்கத்தில் இருப்பது, அதற்கு மேல் குளிர அதிக இடமில்லை, ஆகவே பெரும்பகுதி பனிதான் என்று வாதிட்டார். எனக்கு இன்றும் பிரமிப்பு தரும் வாதம் இது. இப்போது அதே ஓட்டில் மக்னீசியத்தையும் அளக்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் கால்சியத்தின் இடத்தில் மக்னீசியம் கூடுதலாக ஏறும், அதிலிருந்து வெப்பநிலையை எடுத்துக் கழித்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீரின் கணக்கு, அதாவது பனி எவ்வளவு என்பது.

பதில் 2:
நான் ஓடு பொறுக்கியிருக்கிறேன். சேற்றைச் சல்லடையில் கழுவி, கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்தபடி ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் மணல் பருமன்தான், இனம் மாறினால் அளவீடே கெட்டுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை புழுக்கள். ஆயிரம் வருடத்துக்கு 2, 3 சென்டிமீட்டர் சேறு சேரும் இடத்தில் அவை மேல் 10 சென்டிமீட்டரைக் கிளறிவிட்டால், சில நூற்றாண்டுகளில் நடந்த உருகல் மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் சேறு வேகமாகப் படியும் இடங்களைத் தேடிப் போகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இப்போது தெளிவாகிறது. எந்தத் துருவத்துப் பனி உருகியது என்றும் ஓடு சொல்லுமா?

பதில் 1:
ஆழ்கடல் ஓடு மொத்தத்தைத்தான் சொல்லும். சுமார் 14,600 வருடத்துக்கு முன்னால் சில நூற்றாண்டுகளுக்குள் கடல் மட்டம் 10 மீட்டருக்கு மேல் ஏறியது, அதில் அண்டார்டிக்காவின் பங்கு எவ்வளவு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. இடம் தெரிய வேண்டுமென்றால் பனியின் ஓரத்துக்கே போக வேண்டும், அங்கே டயாட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகளின் ஓடுகள்தான் பேசும். அண்டார்டிக்காவின் ராஸ் கடல் பகுதியில், மிதக்கும் பனித்தட்டைத் துளைத்து, கடலடியில் 1,285 மீட்டர் ஆழம்வரை ஒரு மாதிரி எடுத்தார்கள். பனிப்பாறை அரைத்துத் தள்ளிய கல்லும் மண்ணும் ஓர் அடுக்கு, அடுத்து டயாட்டம் ஓடுகள் மட்டுமே குவிந்த அடுக்கு, மறுபடி கல்மண், இப்படியே மாறி மாறி வருகிறது. டயாட்டம் வளர வெயில் வேண்டும், அப்படியானால் டயாட்டம் அடுக்குகள் படிந்த காலங்களில் அங்கே தலைக்கு மேல் பனித்தட்டே இல்லை.