போர்ட் ஃபார்வர்ட் செய்தும் வெளியிலிருந்து மைன்கிராஃப்ட் சர்வருக்குள் வர முடியவில்லை

கரூர் கட்டைவிரல்:
வீட்டில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓட்டுகிறேன். விண்டோஸ் 10. வீட்டு வைஃபையில் தங்கை 192.168.0.105 போட்டு உள்ளே வந்து ஜாலியாக விளையாடுகிறாள். சேலத்தில் இருக்கும் நண்பர்கள் வெளி ஐபியைப் போட்டால் மட்டும் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. ரவுட்டரில் மைன்கிராஃப்ட்டின் போர்ட் 25565-க்கு (டிசிபி) வெளியிலிருந்து வருவதை அதே 105-க்குத்தான் ஃபார்வர்ட் செய்திருக்கிறேன். போர்ட் செக் செய்யும் தளங்கள் எல்லாம் மூடியிருக்கிறது என்கின்றன. கடுப்பில் ஃபயர்வாலையே அணைத்துப் பார்த்துவிட்டேன். ரவுட்டர் நான் வாங்கியது. அதற்கு முன்னால் இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. இனி எங்கே பார்ப்பது?

பிக்சல் பித்தன்:
செக் செய்தபோது சர்வர் ஓடிக்கொண்டிருந்ததா? நின்றிருந்தால் மூடியதாகத்தான் காட்டும். அப்புறம், வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி ஐபியைப் போட்டுப் பார்க்காதீர்கள், நிறைய ரவுட்டர்களில் அது எடுக்காது. மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

பழைய மோடம்:
முதலில் ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள் தம்பி. போர்ட் என்றாலே அதை அணைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 25565-க்கு ஒரு ரூல் போட்டால் போதும்.

'ரெஃப்யூஸ்டு' என்று வந்திருந்தால், ஏதோ ஒரு பெட்டி வரை போய் அங்கே எடுக்க ஆளில்லாமல் திரும்பியிருக்கிறது என்று சொல்லலாம். 'டைம்ட் அவுட்' என்றால் பதிலே இல்லை. ஃபயர்வாலை அணைத்தும் அதே கதை என்பதால் உங்கள் கம்ப்யூட்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அந்த வெள்ளைப் பெட்டி மேல்தான்.

உங்கள் ரவுட்டருக்குள் போய் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐபி', அதாவது அதன் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் நாட் (ஒரே முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை வைப்பது) இரண்டு முறை நடக்கிறது. அப்படியென்றால் வெள்ளைப் பெட்டிக்குள்ளும் போய் அதன் வேன் ஐபியைப் பாருங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள். வெளி ஐபியை முழுதாகப் போட வேண்டாம், முதல் இரண்டு எண்கள் போதும்.

கரூர் கட்டைவிரல்:
சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மொபைல் டேட்டாவிலும் அதே டைம்ட் அவுட். என் ரவுட்டரில் 192.168.1.3. வெள்ளைப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன் அண்ணா, அதில் 100.72 என்று தொடங்குகிறது. 'என் ஐபி என்ன' தளத்தில் காட்டுவது வேறு எண்.

பழைய மோடம்:
சரி, ஆள் அகப்பட்டார். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகளை 2012-லேயே இதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ஐபிவி4 முகவரிகள் பற்றாமல் போனதால், ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வீடுகளை நிறுவனமே அடைத்து வைக்கிறது. பெயர் சிஜிநாட். சேலத்திலிருந்து வரும் பாக்கெட் அவர்களுடைய கருவி வரை போகும். அது எந்த வீட்டுக்கு என்று அங்கே ஒரு குறிப்பும் இருக்காது, அதோடு சரி. நீங்கள் இரண்டு பெட்டியிலும் தலைகீழாக நின்று ஃபார்வர்ட் செய்தாலும் நடக்காது.

நிறுவனத்துக்குப் போன் செய்து பொது ஐபியோ ஸ்டேட்டிக் ஐபியோ கேளுங்கள். மாதக் கட்டணம் சொல்வார்கள். கொடுத்தால், வெள்ளைப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்) மாற்றச் சொல்லிவிடுங்கள், உங்கள் ரவுட்டர் ஒன்றே போதும். 105-ஐ அந்த கம்ப்யூட்டருக்கே ரிசர்வ் செய்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் எண் மாறி மறுபடியும் இங்கே வந்து நிற்பீர்கள்.

காசு வேண்டாம் என்றால் டெயில்ஸ்கேல், எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒரே தனி நெட்வொர்க்காகச் சேர்க்கும் விபிஎன். சர்வரிலும் நண்பர்களிடமும் போட வேண்டும், ஃபார்வர்டிங்கே தேவையில்லை. அது தரும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், சிஜிநாட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிக்சல் பித்தன்:
நண்பர்கள் எதையும் இன்ஸ்டால் செய்ய மாட்டோம் என்றால் பிளேஇட் மாதிரி ஒரு டனல் சேவை. சர்வர் பக்கம் மட்டும் போட்டால் போதும். டிராஃபிக் அவர்கள் வழியாகச் சுற்றி வருவதால் பிங் (போய்த் திரும்பும் நேரம்) கொஞ்சம் ஏறும். போனில் பெட்ராக் (மைன்கிராஃப்ட்டின் இன்னொரு பதிப்பு) ஆடுபவர்கள் இருந்தால் அது வேறு சர்வர், யுடிபி 19132. டிசிபி மட்டும் பார்க்கும் செக் தளங்களை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கரூர் கட்டைவிரல்:
போன் செய்தேன். ஸ்டேட்டிக் ஐபிக்கு அவர்கள் சொன்ன தொகையை அப்பாவிடம் சொல்லக்கூட முடியாது. இப்போதைக்கு டெயில்ஸ்கேல் போட்டாயிற்று, இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவனுக்கு மட்டும் அவன் அண்ணனின் ஆபீஸ் லேப்டாப், எதையும் இன்ஸ்டால் செய்ய விடாது.

பழைய மோடம்:
ஆபீஸ் லேப்டாப்பில் கேமையே எப்படிப் போட்டான் என்று நான் கேட்கப்போவதில்லை. டனல் திறப்பதாக இருந்தால் முதலில் வொயிட்லிஸ்டை ஆன் செய்யுங்கள், நீங்கள் பெயர் சேர்த்தவர்கள் மட்டும்தான் உள்ளே வர முடியும். திறந்த மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தேடிக்கொண்டே சுற்றும் ஸ்கேனர்கள் நிறைய இருக்கின்றன.