மூட்டு மாற்று ஆபரேஷன்: கம்ப்யூட்டர் நேவிகேஷனுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பாலக்கோட்டான்:
அம்மாவுக்கு 63 வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சு கால் வெளிப்பக்கமா வளைஞ்சிடுச்சு. தக்காளித் தோட்டத்துல குத்தவெச்சே வேலை செஞ்சவங்க, இப்ப பாத்ரூம் போகக்கூட சுவத்தைப் பிடிக்கிறாங்க. சேலத்துல ஒரு டாக்டர் சாதாரண முறையே போதும்னாரு. ஓசூர்ல ஒரு இடத்துல நேவிகேஷன்னு சொல்லி அறுபதாயிரம் கூடக் கேக்குறாங்க. பலன் இருக்கா? வலது தொடையில பழைய ஆக்சிடென்ட்டுக்கு வெச்ச ராடு உள்ளதான் இருக்கு, அதனால தொந்தரவு ஒண்ணுமில்லை.

அரூர் மருமகள்:
எங்க மாமியாருக்கு சாதாரண முறைதான். இப்ப நின்னுக்கிட்டே களி கிண்டுறாங்க. பிசியோதெரபியை மட்டும் விட்டுடாதீங்க தம்பி, முட்டி மடங்காமப் போயிடும்.

பழைய தியேட்டர் ஆள்:
தம்பி, கடைசி வரியில போறபோக்குல சொன்னீங்க பாருங்க, விஷயமே அந்த ராடுதான்.

சாதாரண முறையில தொடை எலும்போட கீழ்முனையில துளை போட்டு, மஜ்ஜைக்குள்ள நீளக் கம்பி விடுவாங்க. அதுல மாட்டின ஜிக்கை (வெட்டுறதுக்கு வழிகாட்டுற அச்சு) வெச்சுத்தான் எந்தக் கோணத்துல வெட்டணும்னு முடிவாகும். உள்ள ஏற்கெனவே ராடு இருந்தா கம்பி எங்க போகும்? ராடை எடுக்கணும், இல்லன்னா வேற வழி பார்க்கணும். நேவிகேஷன் அப்படி ஒரு வழி. எலும்புல பின் குத்தி டிராக்கர் மாட்டுவாங்க, கேமரா அதைப் பார்க்கும். டாக்டர் காலை வட்டமாச் சுத்தினா இடுப்பு மூட்டோட மையத்தை கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும். கணுக்கால் எலும்பையும் தொட்டுக் காட்டினா இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் கோடு திரையில வந்துடும், கம்பி விடாமலே அதை வெச்சு வெட்டுற கோணத்தை முடிவு பண்ணலாம். ரம்பம் டாக்டர் கையிலதான். இதையே ரோபோன்னு சொன்னாங்கன்னா நம்பாதீங்க.

ராடு இல்லாத முட்டிக்கு? 1997லேயே பிரான்ஸ்ல கிரெனோபிள்ல ஆரம்பிச்சது இது. கோணம் 3 டிகிரிக்கு மேல தப்புறது குறையுதுன்னு பல ஆய்வுல வந்திருக்கு. ஆனா கொரியாவுல 520 பேருக்கு ஒரு முட்டி நேவிகேஷன்ல, மறு முட்டி சாதாரண முறையிலன்னு பண்ணி, சராசரியா 10 வருஷத்துக்கு மேல பார்த்ததுல வலியிலயும் நடையிலயும் வித்தியாசமே இல்லை. ஆஸ்திரேலியாவோட மூட்டு மாற்று ஆபரேஷன் பதிவேட்டுல 65 வயசுக்குக் கீழ இருக்கறவங்கள்ல 9 வருஷத்துல மறுஆபரேஷன் சாதாரண முறையில 7.8 சதவீதம், நேவிகேஷன்ல 6.3. நூத்துக்கு ஒண்ணரைப் பேர். அதுக்கு அறுபதாயிரம்னா நான் கொடுக்க மாட்டேன், வருஷக்கணக்கா முட்டியே பண்ற டாக்டரைத் தேடுவேன். நேரமும் கொஞ்சம் கூட ஆகும். பின் போட்ட துளையில எலும்பு உடையறதும் அபூர்வமா உண்டு.

பில்லைத் தனித்தனியாக் கேளுங்க. உள்ள வைக்கிற செயற்கை முட்டிக்கு (இம்ப்ளான்ட்) 2017 ஆகஸ்ட்லயே அரசாங்கம் உச்சவிலை வெச்சாச்சு, கோபால்ட் குரோம் உலோகத்துல செஞ்சதுக்கு அப்ப 54,720 ரூபாய், வரி தனி. அதனால கூடுதல் காசு எதுக்குன்னு அவங்கதான் சொல்லணும்.

பாலக்கோட்டான்:
நன்றி அண்ணா. சேலத்து டாக்டர் முட்டி எக்ஸ்ரே மட்டும்தான் பார்த்தாரு. ராடு பத்தி நாங்களும் சொல்லலை. அப்ப இடது காலுக்குச் சாதாரண முறையே போதுமா?

பழைய தியேட்டர் ஆள்:
பெரும்பாலும் போதும். முதல்ல அவர்கிட்டயே திரும்பப் போங்க, ராடை எடுக்கணுமா, விட்டுட்டே பண்ணலாமான்னு கேளுங்க. இடுப்புலேர்ந்து கணுக்கால் வரை, நிக்கவெச்சு எடுத்த நீள எக்ஸ்ரே கையில இருக்கட்டும். ராடு முனையும் கீழ் ஸ்க்ரூவும் எங்க நிக்குதுன்னு அதுலதான் தெரியும். நம்ம தர்மபுரி பக்கத்து ஆளுங்க இன்னொண்ணும் சொல்லணும்: ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்ன போர் தண்ணி குடிச்ச தலைமுறை. ஃபுளோரைடால சிலருக்கு எலும்பு இறுகியிருக்கும், வெளியூர் டாக்டருக்கு அது தோணாமப் போகலாம்.