தேரிப் புழுதியில் ஓடும் ஜீப்பின் பின்கதவு சிக்குகிறது: வழி சொல்லுங்கள்

கேள்வி (உடன்குடி)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய டீசல் ஜீப். பின்புறம் பக்கவாட்டில் திறக்கும் ஒற்றைக் கதவு. ஸ்டெப்னியும் அந்தக் கதவின்மேல்தான் தொங்குகிறது. குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டுப் பகுதியை ஒட்டிய பனங்காடுகளுக்குள் போய்க் கருப்பட்டிச் சிப்பங்களை ஏற்றி வருவதுதான் இந்த வண்டியின் வேலை. தேரியின் செம்மண் புழுதி எவ்வளவு நுண்மையானது என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும்; கடற்கரை அருகில் என்பதால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

சில மாதங்களாகவே பின்கதவை ஓங்கி அடித்தால்தான் லாக் விழுகிறது. விழுந்த பிறகும் மேடுபள்ளத்தில் கதவு லொடலொடவென்று ஆடுகிறது. திறக்கும்போதோ, ஹேண்டிலை முழுவதும் இழுத்தாலும் கதவு அசைவதில்லை. உள்ளேயிருந்து ஒருவர் தள்ளினாலோ, வெளியே நிற்பவர் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாலோ வந்துவிடுகிறது. ஒரு பட்டறையில் காட்டியபோது லாக்கின் வாயில் கிரீஸை நிறைய அப்பி அனுப்பினார்கள். சில நாள் நன்றாக இருந்தது. பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது. லாக்கையே புதிதாக மாற்ற வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். பதநீர்ப் பருவம் தொடங்குவதற்குள் சரிசெய்துவிட விரும்புகிறேன். லாக்கை மாற்றினால் தீருமா, வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

மறுமொழி (பட்டறைக்காரர், கோவில்பட்டி)

வணக்கம் ஐயா. லாக்கை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கதவைத் தூக்கிப் பிடித்தால் திறக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கதவு தன் இடத்திலிருந்து கீழே இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ரிம்மோடு சேர்ந்த ஒரு ஸ்டெப்னி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அவ்வளவு பாரமும் இரண்டு கீல்களில் தொங்கிக்கொண்டு, கரடுமுரடான தடத்தில் ஆண்டுக்கணக்கில் குலுங்கும்போது, கீலின் பின்னும் (நடுவில் உள்ள அச்சாணி), அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் தேய்ந்து கதவின் லாக் பக்கம் மெல்ல மெல்லத் தாழ்ந்துவிடும்.

இதை உறுதிசெய்ய, முதலில் ஸ்டெப்னியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். எளிதாக விழுந்தால் குற்றம் கீலில்தான். அடுத்து, கதவைப் பாதி திறந்து, லாக் பக்கத்து ஓரத்தை இரு கைகளாலும் மேலே தூக்கி இறக்கியபடி, இன்னொருவரைக் கீலின் அருகே நின்று பார்க்கச் சொல்லுங்கள். பின் மட்டும் ஆடினால் பின்னையும் புஷ்ஷையும் மாற்றினால் போதும். கீல் மொத்தமாக ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கலாம். கீல் பதிந்திருக்கும் தகடே கீறிவிட்டிருக்கவும் கூடும். கதவு சாத்தும்போது லாக் கவ்விப் பிடிக்கும், பாடியில் இருக்கும் ஸ்ட்ரைக்கரையும் உற்றுப் பாருங்கள். அதன் மேற்புறம் மட்டும் பெயிண்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தால், இறங்கிய லாக்கின் மேலுதடு ஒவ்வொரு முறையும் அங்கே உரசுகிறது என்று பொருள்.

கீலைச் சரிசெய்யாமல் ஸ்ட்ரைக்கரை மட்டும் கீழே இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றைக்குக் கதவு சாத்தும். ஆனால் கீலின் தேய்மானம் நிற்காது, கதவு மேலும் இறங்கும், அந்தப் பாரம் முழுவதையும் ஸ்ட்ரைக்கரும் லாக்கும் சுமக்க வேண்டிவரும்.

கிரீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். லாக்குக்குள் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கும் ஒரு கவ்வியும், அந்தக் கவ்வி திரும்பிவிடாமல் தடுக்கும் ஒரு பல்லும், பல்லைத் தள்ளும் சிறிய ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கெட்டியான கிரீஸில் தேரிப் புழுதி கலந்தால் அது சாணைக்கல் பசைபோல ஆகிவிடும். ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளும் வலு இருக்காது. பல் முழுமையாக விழாவிட்டால் கதவு ஆடும். விழுந்த பல் விலகாவிட்டால் கதவு திறக்காது. உங்களுக்கு இரண்டும் நடக்கிறது. ஆகவே கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றி, ஹேண்டில் கம்பியின் கிளிப்பை விடுவித்து, லாக்கை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சென்ட்ரல் லாக் மோட்டார் அதோடு சேர்ந்திருந்தால் தனியே பிரித்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு அச்சுகளில் மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸை மிக மெல்லிதாகத் தடவினால் போதும். சாவித் துளைக்குக் கிராஃபைட் தூள்தான் ஏற்றது.

திரும்ப மாட்டியவுடன் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் கவ்வியைத் திருப்பினால் இரண்டு முறை ‘டிக்’கென்று விழ வேண்டும், ஹேண்டிலை இழுத்தால் உடனே விடுபட வேண்டும். கவ்வி மூடிய நிலையில் இருக்கும்போது கதவை அடித்தால் ஸ்ட்ரைக்கர் வளைந்துவிடும்.

மறுமொழி (கல்குவாரிக்கு வண்டி ஓட்டுபவர், கரூர்)

பட்டறை அண்ணன் சொன்னதோடு கதவைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். பெட்டி போன்ற பின்புறம் உள்ள வண்டி ஓடும்போது, அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புழுதி அங்கேயே சுழலும். பீடிங்கில் சிறு இடைவெளி இருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே வழியில் சைலென்சர் புகையும் வரும் என்பதால் இதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதாக வழுக்கி வரும் இடத்தில் பீடிங் அமுங்கிப்போயிருக்கிறது. பீடிங்கை ஈரத்துணியால் துடைத்துச் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் ஒட்டாது. மண்ணெண்ணெயோ டீசலோ அதில் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். புழுதித் தடத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, புளோயரை வெளிக்காற்றில் வைத்து ஓட்டுங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் புழுதி நுழைவது குறையும்.

கேட்டவர் (உடன்குடி)

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்டெப்னியைக் கழற்றியதும் கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்துகிறது. மேல்கீலின் பின் நன்றாக ஆடுகிறது. ஸ்ட்ரைக்கரின் மேற்புறம் தேய்ந்திருக்கிறது. லாக்கைக் கழுவியபோது சிவப்பும் கறுப்புமாகக் கட்டி கட்டியாக வந்தது. இப்போது கவ்வி இரண்டு முறையும் தெளிவாக விழுகிறது. ஆனால் மேல்கீலின் போல்ட்டுக்குக் கீழே தகட்டில் ஒரு நகநீளத்துக்குக் கீறல் தெரிகிறது. பின்னை மட்டும் மாற்றி ஓட்டலாமா?

மறுமொழி (பட்டறைக்காரர், கோவில்பட்டி)

ஓட்ட வேண்டாம் ஐயா. அந்தக் கீறல் குலுக்கலில் நீண்டுகொண்டே போகும். ஸ்டெப்னியோடு கதவு கழன்று பின்னால் வருபவர்மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல டிங்கரிங் பட்டறையில் கீலைக் கழற்றி, கீறலின் இரு முனையிலும் சிறு துளையிட்டு, வெல்டிங் வைத்து, உள்பக்கம் ஒரு பட்டைத் தகடு கொடுத்து வலுப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். பீடிங்கையும் டோர் பேடையும் எடுத்துவிட வேண்டும். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் கருகியிருக்கும். உப்புக்காற்று வீசும் உங்கள் ஊரில் அங்கே துருத்தடுப்பு பிரைமர் அடிக்காமல் மூடினால் அடுத்த மழைக்காலத்துக்குள் துருவேறிவிடும்.

இரண்டு கீல்களுக்கும் பின், புஷ் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்ட்ரைக்கரையும் புதிதாகப் போடுவதாக இருந்தால், பழையதைச் சுற்றி மார்க்கரால் கோடு வரைந்துகொண்டு கழற்றுங்கள். ஸ்டெப்னியை மாட்டிய பிறகுதான் கடைசி அளவு பார்க்க வேண்டும். அது வரை சிப்பங்களை வேறு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.